கறுப்புப் பட்டைக்குக் கீழே

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? ரஞ்சிதாவுக்கு இது நடந்தது காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. வெளியே நல்ல வெயில். எதிர்க் கடையில் முதல் ஈடு வடை எண்ணெயில் போட்டிருந்தார்கள்.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ரஞ்சிதாவும் சத்தியம் செய்து நம்ப வைக்கிற பெண் இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. மெஷின் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் மணி, நிமிடம், நொடி பதிவாகும். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர் என்று மட்டும் சொல்லலாம். பெயரைச் சொல்வதற்கில்லை. மனு கொடுத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது.

ரஞ்சிதாவுக்கு இருபத்தெட்டு வயது. இயற்பியல் படித்துவிட்டு ஸ்கேன் எடுக்கிற படிப்பும் படித்தவள். தினமும் புதுச்சத்திரத்தில் விடியற்காலை பஸ் ஏறி, ஏழு மணிக்கு முன்னால் வந்து மெஷினை எழுப்புவாள். அதிகம் பேச மாட்டாள். கோபம் வந்தால் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். அதனாலேயே அவளை எல்லோருக்கும் பிடிக்கும்.

காலையில் முதல் வேலை மெஷினைச் சோதிப்பது. தேங்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் குண்டு. உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம். ஆள் படுக்கிற இடத்தில் அதை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். திரையில் வெள்ளையாக ஒரு வட்டம் வரும். வட்டம் சுத்தமாக இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வருடமாக எடுக்கிறாள். ஐந்து வருடமும் அதே வட்டம்.

அன்று ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. ஏழு பன்னிரண்டுக்குத் திரையில் வட்டம் வந்தது.

வட்டத்தின் நடுவே, மேலிருந்து கீழாக, ஒரு கறுப்புப் பட்டை.

அந்தப் பட்டை என்ன என்று சொல்லிவிட வேண்டும். முதுகெலும்பைப் படம் எடுக்கும்போது, எலும்புக்கு முன்னால் நெஞ்சும் வயிறும் இருக்கின்றன. ஆள் மூச்சு விட விட அவை அசையும். அசைந்தால் படம் முழுக்கத் தீற்றல் விழும். அதைத் தடுக்க, எடுப்பதற்கு முன்பே திரையில் எலும்புக்கு முன்னால் ஒரு பட்டை வரைவார்கள். பட்டைக்குக் கீழே இருப்பதெல்லாம் படத்தில் கறுப்பாகிவிடும். எலும்பு மட்டும் பளிச்சென்று தெரியும்.

மனிதருக்குத்தான் அது. தண்ணீர்க் குண்டுக்கு எதற்குப் பட்டை? அது மூச்சு விடுவதில்லை.

ரஞ்சிதா போடவும் இல்லை.

திரையில் மெஷினின் செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். பட்டை எதுவும் வரையப்படவில்லை. மறுபடி எடுத்தாள். ஏழு பதினாறு. இந்த முறை சுத்தமான வட்டம். சனிக்கிழமை எடுத்த ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழு பத்தொன்பதுக்கு மணி அடித்தது.

உள்ளே படுத்திருக்கிறவர்களின் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பார்கள். பயமாக இருந்தால் அழுத்தலாம். அழுத்தினால் வெளியே ரஞ்சிதாவின் மேசையில் மணி அடிக்கும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். படுக்கையில் யாரும் இல்லை. தண்ணீர்க் குண்டு மட்டும் இருந்தது.

உள்ளே போனாள். ரப்பர் பந்து கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் குழிந்திருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்து, இப்போதுதான் விட்ட மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மெல்ல உப்பியது.

ஸ்ஸ்ஸ்...

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாகவும்.

கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நடையில் குஞ்சம்மாள் மாப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மிணி, அதுக்குள்ள ஆளப் படுக்க வெச்சுட்டீங்களா?"

"இல்லீங்க்கா."

"பின்ன உள்ள இருமறது யாருங்க?"

ரஞ்சிதா கதவை இழுத்துச் சாத்தினாள்.

*

ஏழே முக்காலுக்கு முதல் ஆள். இனியா, இருபது வயது. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் கந்தனின் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். மூன்று மாதமாக முதுகு வலி. ஒரு மாதமாக நடக்கும்போது கால் பின்னுகிறது. தலையில் முடிக்கு நடுவே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அழுத்தினால் மெத்தென்று இருந்தது. வலி இல்லை.

இனியா உடை மாற்றப் போனதும், கந்தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து நீட்டினார். இதே சென்டரின் கவர்.

"இது இவங்கம்மாளோடதுங்க. போன வருசம் அக்டோபர்ல இங்கதான் எடுத்தோம். கேன்சரு, எலும்புக்கெல்லாம் பரவிப்போச்சுன்னு எழுதியிருந்தாங்க. இனி ஒன்னும் பண்றதுக்கில்ல, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு எங்கூரு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"தை மாசம் போயிட்டாளுங்க." பையின் காதை முறுக்கினார். "அவளுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சது. மண்டையில கட்டி. அப்புறம் முதுகு. நீங்க எடுங்க சாமி. எதுவா இருந்தாலும் நேரா எங்கிட்டச் சொல்லீருங்க. புள்ளகிட்டச் சொல்லாதீங்க."

கவரின் மேல் பெயர் இருந்தது. சாலம்மாள், நாற்பத்தைந்து வயது. ஓரத்தில், படம் எடுத்தவர் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கையெழுத்து.

ரஞ்சிதாவின் கையெழுத்து.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். மேனேஜர் தங்கமுத்து பின்னால் நின்று, குறுக்குவெட்டுப் படமெல்லாம் வேண்டாம், நீளவாக்கில் நேர்ப்படம் மட்டும் எடுத்து அனுப்பு என்று விரட்டினார். டாக்டர் குருமூர்த்தி போனில் கத்தினார். அவர் கோயம்புத்தூரில் தன் வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வருகிற படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர். ஒரு நாளைக்கு அறுபது ரிப்போர்ட்.

"படம் பூரா தீற்றலா இருக்கு ரஞ்சிதா. பட்டையை எலும்பை ஒட்டிப் போடு. முதுகுதானே பார்க்கறோம்? வயிறு யாருக்கு வேணும்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மெஷினுக்குள் பேசுகிற மைக்கும் திறந்திருந்தது. ரஞ்சிதா அதை மறந்துவிட்டாள். சாலம்மாள் உள்ளே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருப்பார்.

அன்று சாலம்மாள் இரண்டு முறை பந்தை அழுத்தினார். இரண்டு முறையும் இருமல். இரண்டாவது முறை ரஞ்சிதாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அசையாதீங்கம்மா. கொஞ்சம் மூச்சடக்கி இருந்தீங்கன்னா படம் நல்லா வரும்."

உள்ளிருந்து மைக்கில் ஒரு களைத்த குரல். "மூச்சு விடாம எப்பிடிச் சாமி இருக்கறது?"

*

"என்னம்மிணி, நின்னுட்டே கனவா?" தங்கமுத்து வந்துவிட்டார். "இன்னிக்குப் பதினாலு பேரு. நேர்ப்படம் எடுத்துட்டு எறக்கி உடுங்க."

இனியாவைப் படுக்க வைத்தாள். கையில் பந்தைக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். மணி ஏழு ஐம்பத்தெட்டு.

திரையில் எலும்பின் கோடு வந்தது. பழக்கத்தில் கை தானாக நகர்ந்து, எலும்பை ஒட்டிப் பட்டையை வரைந்தது. பொத்தானை அழுத்தினாள்.

டக் டக் டக் டக்... மெஷின் ஓடத் தொடங்கியது.

திரையைப் பார்த்தாள். பட்டை இல்லை.

நிறுத்தினாள். மறுபடி வரைந்தாள். இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டை மெல்ல நகர்ந்தது. ஒரு துணியை ஓரத்தில் பிடித்து இழுக்கிற மாதிரி. எலும்பை விட்டு, வயிற்றை விட்டு, திரையின் விளிம்புக்குப் போய்...

மறைந்தது.

மவுசில் அவள் கை இல்லை.

எட்டு இரண்டு. மூன்றாவது முறை வரைந்தாள்.

பட்டை நிற்கவே இல்லை. வரைந்த அடுத்த நொடியே போய்விட்டது. பிடுங்கி எறிந்த மாதிரி.

மணி அடித்தது.

"இனியா? என்னாச்சும்மா?"

"அக்கா..." மைக்கில் குரல் சின்னதாக வந்தது. "நீங்க உள்ள இருக்கீங்களா?"

"இல்லம்மா. வெளியில இருக்கேன்."

"என் கால் பெருவிரலப் புடிச்சிருக்காங்கக்கா."

ரஞ்சிதா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மெஷினுக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. போர்வை மூடியிருந்தது. இடது காலின் மேல் போர்வை அமுங்கியிருந்தது.

நான்கு விரல் அகலத்துக்கு.

"வெளிய எடுத்துரட்டுமா?"

"வேண்டாங்க்கா. கை சில்லுன்னு இருக்குது. ஆனா பயமா இல்ல. நீங்க எடுங்க."

டக் டக் டக் டக்.

ரஞ்சிதா பட்டை போடவில்லை.

டக் டக் டக் டக்.

மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு இருமல்.

இனியாவின் இருமல் இல்லை. அவளைவிட மூத்த, களைத்த இருமல்.

எட்டு பதினொன்று. படம் வந்துவிட்டது.

மூச்சுத் தீற்றல் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் தெரிந்தது. நான்கு எலும்புகள் அரித்திருந்தன. அவற்றுக்கு முன்னால், வழக்கமாகப் பட்டை மூடுகிற அதே இடத்தில், நீளமாக ஒரு வெள்ளைப் பை. எலும்பை ஒட்டிக் கீழே இறங்கியிருந்தது.

சீழ்.

ரஞ்சிதா அதற்கப்புறம் யாரையும் கேட்கவில்லை. குறுக்குவெட்டுப் படங்களையும் எடுத்தாள். தலையையும் எடுத்தாள். மண்டை ஓட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை, மேலே சீழ்க்கட்டி. புத்தகத்தில் படித்திருக்கிறாள். அபூர்வம்தான், ஆனால் காசநோய் நுரையீரலை விட்டு மண்டை ஓட்டுக்கும் முதுகெலும்புக்கும் போகும். எலும்பை மட்டும் பார்த்தால் அசல் புற்றுநோய் மாதிரியே இருக்கும். பக்கத்தில் இருக்கிற சீழ்ப் பைதான் காட்டிக்கொடுக்கும்.

சாலம்மாளின் பழைய படத்தைத் திறந்தாள். எலும்பை ஒட்டி நேர்த்தியாக, கறுப்பாக, அவள் கையால் போட்ட பட்டை. அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும், நகக்கண் அளவுக்கு, வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது.

மாத்திரையில் தீர்கிற நோய். அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மாத்திரை.

பயம் அப்போது போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. வாய் இறுக மூடிக்கொண்டது.

*

எட்டு நாற்பதுக்கு டாக்டர் குருமூர்த்தியின் ரிப்போர்ட் வந்தது. தாய்க்குப் புற்றுநோய் இருந்த வரலாறு, மகளுக்கும் பரவிய புற்றுநோயாக இருக்கலாம் என்று இருந்தது. சாலம்மாளின் ரிப்போர்ட்டைத் திறந்து பெயரை மாற்றியிருந்தார். ஒரு இடத்தில் நாற்பத்தைந்து வயது என்பதைக்கூட மாற்றவில்லை.

தங்கமுத்து படத்தைப் பார்த்து இளித்தார். "என்னம்மிணி, இன்னிக்குப் பட்டையக் காணோம்? திருநீறு தீந்துபோச்சா?"

ரஞ்சிதா போனை எடுத்தாள். ஐந்து வருடத்தில் அவளாக டாக்டரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சார், இனியா படம். எலும்புக்கு முன்னாடி பாருங்க."

"எழுதியாச்சே. பட்டை எங்க?"

"போடல சார். சீழ் இருக்கு. டி.பி. மாதிரி இருக்கு."

"நீ எப்ப டாக்டரான?"

"பாருங்க சார்."

"எனக்கு இன்னும் நாற்பது படம் இருக்கு. ரிப்போர்ட்டக் குடுத்து அனுப்பு."

"குடுக்க மாட்டேன் சார்."

தங்கமுத்து போனைப் பிடுங்கக் கை நீட்டினார். ரஞ்சிதா அவரைப் பார்த்தாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அவங்கம்மாவ நாமதான் ஊட்டுக்கு அனுப்பினோம். நான் பட்டை போட்டேன். நீங்க போடச் சொன்னீங்க. மாத்தி எழுதற வரைக்கும் இந்த ரிப்போர்ட்டு என் கையவிட்டுப் போகாது."

எட்டு நாற்பத்தேழு.

"யாரு பக்கத்துல?" என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது.

"மேனேஜர் சார்."

"இல்ல. ஒரு பொம்பள."

ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். அறையில் தங்கமுத்துவைத் தவிர யாரும் இல்லை.

"யாரும் இல்ல சார்."

"இருமிட்டு..." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "இருமி இருமிட்டுச் சொல்றாங்க. வயிறு யாருக்கு வேணும், வயிறு யாருக்கு வேணும்னு... யாரும்மா அது?"

ரஞ்சிதாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

போன் கட்டானது.

எட்டு ஐம்பத்தாறுக்குப் புது ரிப்போர்ட் வந்தது. காசநோயாக இருக்க அதிக வாய்ப்பு, உடனே ஊசி வழியாகச் சீழ் எடுத்துச் சோதிக்கவும்.

சோதித்தார்கள். காசநோய்தான். அந்த வாரமே மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.

*

செப்டம்பரில் கந்தனும் இனியாவும் வந்தார்கள். இனியா படியேறி வந்தாள். கால் பின்னவில்லை.

"அன்னிக்கு உள்ள யாரோ பெருவிரலப் புடிச்சாங்கன்னாளுங்க," என்றார் கந்தன். "அவங்கம்மா அப்பிடித்தான் தெனமும் காலைல இவள எழுப்புவா. இடது பெருவிரலப் புடிச்சு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இனியாவைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலை இறக்கினார்.

"ஒன்னு கேக்கோணும். சாலம்மாளுக்கும் இதே நோவுதானுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தங்கமுத்து மேசைக்குப் பின்னால் நின்று அதைத்தான் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படித்தான் தெரியுதுங்க."

"அப்ப மாத்திரை தின்னிருந்தா?"

"பொழச்சிருப்பாங்க."

கந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவளக் கொட்டாயில தனியாப் போட்டுருந்தேனுங்க. எதுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்தடிக்கோணும், நிம்மதியாப் போகட்டும்னு. கடைசி மாசம் பூரா இருமிக்கிட்டே கெடந்தா." தலையை நிமிர்த்தினார். கண் சிவந்திருந்தது. "எழுதுனவரு பேரு என்னுங்க?"

ரஞ்சிதா ஒரு காகிதத்தில் டாக்டர் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே தங்கமுத்து பெயர். அதற்குக் கீழே தன் பெயர்.

"படம் எல்லாத்தையும் டிஸ்க்ல போட்டுத் தாரேன். மனுவோட வெச்சுக் குடுங்க."

தங்கமுத்து ஏதோ கத்தினார். அவள் காதில் விழவில்லை.

சாலம்மாளின் பெயரைத் தட்டினாள். எத்தனை வரிசைப் படங்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும்.

பதினொன்று என்று காட்டியது.

அக்டோபரில் எடுத்தது பத்து. பதிவு நோட்டில் அவளே எழுதியிருக்கிறாள். பத்து.

பதினொன்றாவதைத் திறந்தாள்.

தேதி, ஜூன் மாதத் திங்கட்கிழமை. நேரம், ஏழு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி.

தண்ணீர்க் குண்டின் கோப்பைத் தேடினாள். அன்றைய ஏழு பதினாறு படம் இருந்தது. ஏழு பன்னிரண்டு படம் இல்லை.

அது இங்கே இருந்தது.

வட்டம் இல்லை. ஒரு முழு முதுகெலும்பு. சாலம்மாளின் அதே எலும்புகள். அதே நான்கு அரிப்புகள்.

பட்டை இல்லை.

சீழ் தெரிந்தது. வயிறு தெரிந்தது. நெஞ்சு தெரிந்தது.

ஐந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை எடுத்திருக்கிறாள். பட்டை இல்லாமல் அப்படி ஒரு படம் வந்ததே இல்லை. யாருக்கும் வராது. ஓரத்தில்கூட ஒரு தீற்றல் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

துளி அசைவு இல்லை.

அவள் சொன்னபடியே, மூச்சு விடாமல் படுத்திருந்தார் சாலம்மாள்.